துரை பங்களாப் பதக்கமா? முதலில் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: டிக்கோயாப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். கொஞ்ச நாளாகப் பழைய இராணுவப் பதக்கங்களும் தொப்பிச் சின்னங்களும் சேர்க்கிறேன். கண்டியில் ஒருவர் மூன்று பொருள் காட்டினார். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் பித்தளைச் சின்னம் ஒன்று. முதலாம் உலகப் போர் வெள்ளிப் பதக்கம் ஒன்று, அதன் விளிம்பில் ஒரு வெள்ளைக்காரர் பெயரும் அதே படையின் பெயரும் இருக்கின்றன. மூன்றாவது ஒரு பர்மா ஸ்டார். முதல் இரண்டும் இடித்த துரை பங்களாவில் கிடைத்தவையாம். ஸ்டார், மவுண்ட்பேட்டன் காலத்தில் பேராதனையில் வேலை பார்த்த தன் தாத்தாவுடையதாம். பின்பக்கம் பெயர் வெட்டியிருக்கிறது, பழைய சான்றிதழும் இருக்கிறது. மூன்றுக்கும் 85,000 ரூபா கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லட்டாம். அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடுவைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். நூறு வருடம் எங்கோ கிடந்த சாமான் இன்னும் இரண்டு கிழமை கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வேறு ஆள் கேட்கிறார், நாளைக்குப் போய்விடும் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், பார்க்க நேரம் கொடுக்காமல் வாங்க வைப்பதுதான் அவர் நோக்கம் என்று நான் எடுத்துக்கொள்வேன். போனால் போகட்டும்.

மூன்றையும் சேர்த்து அசலா போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரச்சினையே அங்கேதான். இந்த மூன்றிலும் கள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கக்கூடும். நான் பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்டுக்கொள்வது, இதில் விலை எதற்கு என்பதைத்தான். உலோகத்துக்கா, விளிம்பில் உள்ள பெயருக்கா, முழுப் பொருளின் அருமைக்கா, கூட வந்த கடதாசிக்கா? கள்ளம் செய்கிறவன் சும்மா உழைக்க மாட்டான், விலை எந்த இடத்தில் ஏறுகிறதோ அந்த இடத்தில்தான் கை வைப்பான். நீங்களும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அங்கே கொண்டு போனால் போதும்.

வெள்ளிப் பதக்கத்தில் இருந்து தொடங்குகிறேன், காசு அதில்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் நிர்வாணமாக ஒரு வீரன், குதிரையின் காலடியில் மண்டையோடும் கழுகுக் கேடயமும், 1914, 1918 என்ற ஆண்டுகள். இது 60 இலட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்ட பதக்கம். அவ்வளவு மலிந்த ஒன்றை முழுசாகப் போலி செய்வதில் பெரிய இலாபம் இல்லை. ஆனால் அதன் விளிம்பில் இருக்கும் பெயர் மாறினால் விலை பல மடங்கு ஏறும். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பட்டாளத்துச் சிப்பாயின் பெயர் இருந்தால் ஒரு விலை, நம் மலைநாட்டுத் தோட்டத்துரைகளின் படைப்பெயர் இருந்தால் வேறு விலை.

ஏன் அந்தப் பெயருக்கு அவ்வளவு மவுசு? அந்தப் படை 1900இல் அமைத்தது, தலைமையகம் கண்டி, ஆட்கள் எல்லாம் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இருந்த ஐரோப்பியர். 1914 ஒக்டோபரில் 200 பேருக்குச் சற்று மேற்பட்ட ஒரு குழு எகிப்துக்குக் கப்பல் ஏறியது. சூயஸ் கால்வாய்க் காவலில் நின்றார்கள், 1915இல் துருக்கியின் கலிபோலியில் அன்சாக் என்ற அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையோடு இருந்தார்கள், அதன் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் இருந்ததும் இவர்கள்தான். இவ்வளவு சின்னக் குழு, அதிலும் பலர் பிறகு வேறு படைகளில் அதிகாரிகளாகப் போய்விட்டார்கள். ஆகவே இந்தப் படையின் பெயர் பொறித்த பதக்கம் இயல்பாகவே அரிது. அரிதான பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே அரமும் இருக்கும்.

அரம் என்று சொன்னதற்குக் காரணம், வேலை நடக்கும் விதம் அது. அசல் பதக்கம் ஒன்றை எடுத்து, விளிம்பில் இருந்த சாதாரணப் பெயரை அராவித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புதுப் பெயரைப் பதிப்பார்கள். வெள்ளியும் அசல், ராஜாவின் தலையும் அசல், குதிரையும் அசல், பொய் விளிம்பில் மட்டும். இதைப் பிடிக்க உங்கள் பாடசாலை விஞ்ஞான கூடத்தில் உள்ள வேணியர் இடுக்கிமானி போதும். இந்தப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீற்றர். பெயர் இருக்கும் இடத்தைக் குறுக்கே பிடித்து ஒரு தடவை, பெயர் இல்லாத இடத்தில் ஒரு தடவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஒவ்வோர் இடமாக அளந்து பாருங்கள். எழுத்து இருக்கும் பக்கம் மட்டும் குறைந்தால் அங்கே உலோகம் போயிருக்கிறது. கெட்டிக்காரன் சுற்றிவர ஒரே மாதிரி அராவியிருப்பான், அப்படியானால் மொத்த விட்டமும் குறைந்திருக்கும், முகப்பின் ஓரத்தில் உள்ள வரம்பும் ஒடுங்கியிருக்கும்.

அடுத்து எழுத்து. அந்தக் காலத்தில் அதிகாரபூர்வமாகக் கொடுத்த இந்தப் பதக்கங்களில் பெயர் அச்சால் அழுத்திப் பதிக்கப்பட்டது. அழுத்திய எழுத்தின் அடிப்பகுதி ஒரே ஆழமாக இருக்கும், பக்கச் சுவர்கள் மழுங்கலாக இருக்கும். கையால் வெட்டிய எழுத்தில் உளி ஓடிய கோடு தெரியும், பள்ளம் கூராக இறங்கிப் பளபளக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று எந்த நகைக்கடையிலும் இருக்கும், கேட்டால் பார்க்கத் தருவார்கள். எழுத்துக்குள் நூறு வருட அழுக்கும் கறுப்பும் இருக்கிறதா, எழுத்தைச் சுற்றிய வெள்ளி மட்டும் மற்ற விளிம்பை விட வெளிச்சமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் சில நேரம் பழைய எழுத்தின் நிழல் புது எழுத்துக்கு அடியில் தெரியும். அது தெரிந்தால் பேச்சே வேண்டாம், பொருளைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, விற்பவர்கள் பலருக்கு இது தெரியாது. பிரிட்டிஷ் தரைப்படை அதிகாரிகளுக்குக் கொடுத்த வார் மெடலில் பெரும்பாலும் பதவியும் பெயரும் மட்டும் இருக்கும், படைப்பிரிவின் பெயர் இருக்காது. தோட்டத்துரைகளில் பலர் போருக்குள்ளேயே அதிகாரிகளானவர்கள் என்று சொன்னேன் அல்லவா. அப்படிப்பட்டவரின் 1914-15 ஸ்டார் என்ற, அதே போருக்கான இன்னொரு பதக்கத்தில் கண்டிப் படையின் பெயர் இருந்து, வார் மெடலில் வெறும் லெப்டினன்ட் இன்னார் என்று இருப்பதுதான் எதிர்பார்க்கக்கூடியது. உங்கள் படத்தில் பதவி இருக்கும் இடம் மங்கல். அங்கே கப்டன் என்றும் இருந்து, பின்னால் நம் தோட்டத்துரைப் படையின் பெயரும் இருந்தால் என் சந்தேகம் குறையாது, கூடும்.

பெயரைச் சரிபார்க்க வழி இருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதலாம் உலகப் போர்ப் பதக்க அட்டைகள் டபிள்யூ.ஓ. 372 என்ற தொகுதியிலும், பதக்கப் பதிவேடுகள் டபிள்யூ.ஓ. 329 என்ற தொகுதியிலும் இருக்கின்றன. அட்டைகளை இணையத்திலேயே தேடலாம். ஆனால் பெயர் அங்கே இருந்தது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். நீங்கள் தேடக்கூடியதைக் கள்ளம் செய்கிறவனும் தேடலாம். அந்தப் பெயர் கிடைக்க அவன் லண்டன் வரைக்கும்கூடப் போகத் தேவையில்லை, நம் மலைநாட்டுப் பழைய தேவாலயச் சுவர்களில் போரில் இறந்த துரைமார் பெயர்கள் பித்தளைத் தகட்டில் வரிசையாக இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அது பொய் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம், பெயர் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

உலோகச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன், மலிவான வார்ப்பு நகல்களும் சந்தையில் சுற்றுகின்றன. ரிப்பனைக் கழற்றிவிட்டு நகைத் தராசில் பதக்கத்தை நிறுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசில் வைத்த தண்ணீர்க் கோப்பைக்குள், அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தொங்கவிடுங்கள். தொங்கவிடும்போது தராசில் எத்தனை கிராம் கூடுகிறதோ அந்த எண்ணால் முதல் நிறையை வகுத்தால் சாரடர்த்தி கிடைக்கும். நீங்கள் ஆசிரியர், ஆக்கிமிடிசை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஸ்டெர்லிங் வெள்ளியானால் விடை 10.3 அளவில் வரும். 8.9 பக்கம் வந்தால் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், 8.5 பக்கம் வந்தால் பித்தளைக்கு வெள்ளி முலாம். மேலே தொங்கும் சட்டத்தின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்குத் தப்பும், ஈர விரலால் ஒரு தடவை தடவிவிட்டு நிறுங்கள். அமிலம் ஊற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் கையில் இருந்து வாங்கிவிடுங்கள். காந்தமும் பெரிய உதவி இல்லை. ஒட்டினால் போலி என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது, பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. இந்திய, சீன, மோல்ட்டாத் தொழிலாளர் படையினருக்கு வெள்ளி கொடுக்காமல் வெண்கலத்தில் கொடுத்தார்கள். கூலிக்கு ஒன்று, துரைக்கு ஒன்று என்ற கணக்கு அங்கேயும் இருந்திருக்கிறது. இங்கே யாராவது வெண்கலத்தில் ஒன்றைக் காட்டி டூப்ளிக்கேட் என்று சும்மா தூக்கிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பர்மா ஸ்டார். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் ஆறாம் ஜோர்ஜின் எழுத்துமுத்திரை, அதைச் சுற்றிய வளையத்தில் பெயர். கடுநீல ரிப்பன், நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு நீலப் பட்டைக்குள்ளும் ஒவ்வொரு செம்மஞ்சள் கோடு. இதுவும் ஏராளமாகக் கொடுத்தது, வெறும் ஸ்டாருக்குப் பெரிய விலை கிடையாது. தாத்தா கதைக்கும், பின்னால் வெட்டிய பெயருக்கும், அந்தச் சான்றிதழுக்கும்தான் அவர் காசு கேட்கிறார். மூன்றுமே ஆட்டம் காண்கின்றன.

மவுண்ட்பேட்டனின் கீழ் இருந்த நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியில் இருந்து இங்கே வந்து பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கியது, அது உண்மை. கண்டிக்காரர் வாயில் மவுண்ட்பேட்டன் பெயர் வராத பழைய சாமானே கிடையாது, அதுவும் உண்மை. ஆனால் பர்மா ஸ்டார் என்பது 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டெம்பர் 2 வரை பர்மாப் போர்க்களத்தில் சேவை செய்ததற்குக் கொடுத்தது. பேராதனையில் மேசையில் இருந்து வேலை பார்த்ததற்காக மட்டும் அது கிடைக்காது. தாத்தா பிறகு பர்மாப் பக்கம் போனாரா, எந்தப் பிரிவில், எப்போது என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது, சிரிப்பு வந்தால் உங்களுக்கே புரியும்.

பின்பக்கப் பெயரைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் தரப்பில் இரண்டாம் உலகப் போர் ஸ்டார்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் அழுத்திப் பதித்திருக்கும். உங்கள் படத்தில் இருப்பது கையால் வெட்டிய சாய்வெழுத்து. அதனால் ஸ்டார் போலி என்று ஆகாது, திரும்பி வந்தவர்கள் ஆசைக்கு நகைக்கடையில் கொடுத்துப் பெயர் வெட்டியதும் உண்டு. ஆனால் 1946இல் வெட்டினாலும் போன மாதம் வெட்டினாலும் அது வெட்டியவர் கைவேலை, அரசாங்கச் சாட்சி அல்ல, அதற்குத் தனியாக ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. சான்றிதழ் என்கிறாரே, அந்த ஸ்டார்களோடு வழக்கமாக வந்தது ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் அச்சடித்த துண்டுச்சீட்டும்தான். சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி முத்திரையும் கையொப்பமுமாக ஒன்று இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கடதாசி ஒரே சீராக மண்ணிறமாக இருக்கிறது, மடிப்புக்குள்ளும் அதே நிறம். வெயிலும் காற்றும் பட்டுப் பழசான கடதாசி ஓரத்தில் கடுமையாகவும் மடிப்புக்குள் வெளிறியும் இருக்கும். நம் ஊரில் சாயம் தேடிக் கடைக்குப் போகவும் தேவையில்லை, நல்ல டஸ்ட் தேயிலை ஒரு கரண்டி போதும்.

புறஊதா (யூவி) டோர்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காசுத்தாள் பார்க்கும் சின்ன டோர்ச் போதும். கடதாசியிலும் துணியிலும் தையல் நூலிலும் வெண்மையூட்டும் இரசாயனம் பரவலாகச் சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். இருட்டில் டோர்ச் அடித்தால் அது நீல வெள்ளையாகப் பிரகாசிக்கும். 1945 என்று தேதி போட்ட கடதாசி அப்படிப் பிரகாசித்தால் அது அன்றைய கடதாசி இல்லை. ஆனால் ரிப்பன் பிரகாசித்தால் பதக்கத்தையே தள்ளிவிடாதீர்கள். நம் மழைக்கும் பனிக்கும், கடதாசிப்பூச்சிக்கும், பழைய ரிப்பன் நிற்காது. அசல் பதக்கத்துக்குப் புது ரிப்பன் மாட்டுவது சாதாரணம். துணிச் சின்னங்கள் வாங்கும்போது இந்தச் சோதனை ரொம்ப முக்கியம், பேராதனைத் தலைமையகத்தின் தீயில் இருந்து எழும் பீனிக்ஸ் பறவைத் துணிச்சின்னம் என்று காட்டினால் முதலில் திருப்பிப் பின்பக்க நூலில் டோர்ச் அடியுங்கள்.

கடைசியாகப் பித்தளைச் சின்னம். இங்கே நிலைமை தலைகீழ். அதில் பெயரும் இல்லை, வெள்ளியும் இல்லை, முழுச் சின்னமும்தான் விலை, ஆகவே முழுச் சின்னத்தையுமே போலி செய்வார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அசலை மண்ணிலோ ரப்பரிலோ அச்செடுத்து உருக்கி வார்ப்பது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், பித்தளை நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும், ஆகவே வார்ப்பு நகல் அசலை விட ஒரு நூல் சின்னதாக இருக்கும். மேற்பரப்பில் ஊசி குத்தியது போல நுண்துளைகள், எழுத்தின் மூலைகள் தேய்ந்த சவர்க்காரம் மாதிரி உருண்டை, ஓரத்தில் இணைப்புக் கோடு அல்லது அதை அராவிய தடம். அசலை எஃகு அச்சில் தகட்டை வைத்து அடித்துச் செய்தார்கள். அதன் பின்பக்கம் முன்பக்கத்தின் குழிவான மறுபதிப்பாக இருக்கும், முன்னால் மேடு இருக்கும் இடத்தில் பின்னால் பள்ளம். பின்பக்கம் தட்டையாகவும் கனமாகவும் இருந்தால் யோசியுங்கள்.

மற்ற வழி இதைவிடக் கஷ்டமானது. பழைய அச்சையே எடுத்துப் புதுத் தகட்டில் மறுபடி அடிப்பது. அச்சு அசல், ஆகவே முன்பக்கத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஜே.ஆர். கோண்ட் போன்ற பேர்மிங்ஹாம் கம்பெனிப் பெயர் பின்னால் இருக்கிறது, ஆகவே அசல் என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம், அந்தப் பெயர் பொறித்த மறு அடிப்புகளும் தாராளமாக உலவுகின்றன. இங்கே பார்க்க வேண்டியது பின்பக்கக் கொக்கியும் தேய்மானமும். தொப்பியில் இருந்த சின்னத்தை வாரா வாரம் பொலிஷ் போட்டுத் தேய்த்திருப்பார்கள், மேடுகள் மழுங்கியிருக்க வேண்டும், பள்ளத்தில் பழைய பொலிஷ் காய்ந்து இறுகியிருக்க வேண்டும், கொக்கியின் உள்பக்கம் துணியில் உரசி வழுவழுப்பாகியிருக்க வேண்டும். முன்பக்கம் நூறு வயதும் பின்பக்கம் நேற்றைக்கு வந்த பற்றாசும் என்றால் இரண்டும் ஒரே பொருளின் வயது இல்லை. பச்சைக் களிம்பையும் பாருங்கள். தானாகப் பிடித்த களிம்பு இடுக்குகளில், கொக்கி ஒட்டிய இடத்தில் கட்டிக்கட்டியாக இருக்கும். பூசிய களிம்பு எல்லா இடமும் ஒரே பச்சை, நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் துடைத்தால் பல நேரம் பஞ்சோடு வந்துவிடும்.

நீங்கள் இன்னும் பல சின்னம் பார்ப்பீர்கள் என்பதால் சின்னத்தில் உள்ள கிரீடத்தையும் கவனிக்கப் பழகுங்கள். மேல்வளைவு இரு பக்கமும் குவிந்து ஏறி இறங்கினால் 1901க்குப் பிறகு வந்த ராஜாக்களின் கிரீடம். நடுவில் உள்வாங்கித் தாழ்ந்தால் எலிசபெத் ராணி காலம், 1952க்குப் பின். தோட்டத்துரைப் படையை 1949இல் கலைத்துவிட்டார்கள், ஆகவே அதன் பெயரில் ராணிக் கிரீடம் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். ராணிக் கிரீடம் இருக்கக்கூடியது 1949 ஒக்டோபரில் உருவான இலங்கை இராணுவத்தின் பழைய சின்னங்களில், அதுவும் 1972 குடியரசாகும் வரைக்கும்தான்.

இன்றைய படைகளின் சின்னம், சீருடைப் பட்டி, ரணவிக்ரம, ரணசூர போன்ற பதக்கங்கள் எதையும் தொடாதீர்கள். இதில் அசல் போலி என்ற பேச்சே வேண்டாம். பஸ்ஸில் பையைச் சோதிக்கும்போது ஆமிச் சின்னம் வந்தால், அதுவும் நம் ஆள் ஒருவரின் பையில் வந்தால், சேகரிப்பு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? மூன்றையும் ஒரே விலையில் கட்டி விற்பதை ஏற்காதீர்கள், தனித்தனி விலை சொல்லச் சொல்லுங்கள், எதற்கு எவ்வளவு போடுகிறார் என்பதே பாதி உண்மையைச் சொல்லும். ஸ்டாரை வெறும் ஸ்டார் விலைக்குத் தந்தால் எடுக்கலாம், சான்றிதழை அவரே வைத்துக்கொள்ளட்டும். சின்னத்தைப் பின்பக்கம் பார்க்காமல் எடுக்க வேண்டாம், எனக்கு அனுப்பிய ஐந்து படத்தில் ஒன்றில்கூட அதன் பின்பக்கம் இல்லை, அது தற்செயலாகத் தெரியவில்லை. வெள்ளிப் பதக்கம் மட்டும்தான் மினக்கெடத் தகுந்தது. பொருளின் பெயர், விளிம்பில் உள்ள எழுத்து, விலை, போலி என்று தெரிந்தால் இத்தனை நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரி, இவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் போடச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி முகம் சுளிக்க மாட்டார்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிராசோவோ புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள், அழுக்குத்தான் நமக்குச் சாட்சி. எனக்கு இன்னும் இரண்டு படம் வேண்டும். விளிம்பை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பெயர் முழுவதும் தெரிய ஒன்று. சின்னத்தின் பின்பக்கம், பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து கரைந்துவிடுகிறது, டொகியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள்.